மேலே நதியா, கீழே நான்

பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எப்போதும் நதியாவுக்குத்தான் விடுவேன். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே அப்படித்தான். எனக்கும் ஜன்னலோரம் பிடிக்கும். ஆனால் வெளியே பார்த்துக்கொண்டு வரும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது எனக்கு அதைவிடப் பிடிக்கும். நேற்று அவள் உங்களிடம் சொன்னதில் இதெல்லாம் இருந்திருக்காது, மேடம். அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். எங்களுக்குள் எப்படி இருந்தது என்று தெரியாமல் நடந்ததை மட்டும் கேட்டால் தப்பாகத்தான் தோன்றும்.

என் பெயர் இளமதி. அப்பா பஞ்சாட்சரம். பெருநகரில் ஆற்றுப் பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. நதியாவின் அம்மா கங்கம்மாளும் அப்பா கேசவனும் எங்கள் நிலத்தில்தான் வேலை செய்கிறார்கள். ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்பில் அவர்கள் வீடு. எங்கள் வீட்டில் அந்த வித்தியாசமெல்லாம் பார்த்தது கிடையாது. எனக்குச் சின்னதாகிப்போன துணியெல்லாம் நதியாவுக்குத்தான் போகும். ஒரு தீபாவளிக்கு எடுத்த பாவாடையை ஒரே ஒரு தடவை கட்டிவிட்டு அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மா திட்டினாள். நான் கவலைப்படவில்லை.

பிளஸ் டூ முடித்ததும் நாடகம் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நடிக்க வேண்டும். பல்கலைக்கழகம் வெளியூரில் இருந்தது. அப்பா தனியாக அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். "நதியா கூட வந்தா அனுப்புவியா?" என்று கேட்டேன். "அது வந்தா போ" என்றார்.

நதியாவுக்கு அப்போது நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. அவள் வீட்டு வாசலில் நின்று பேசினேன்.

"எனக்கு அந்த வேலைதான்டி புடிச்சிகீது" என்றாள். "நாடகத்துல இன்னா கீது?"

"நான் கீறேன்" என்றேன்.

சிரித்தாள். வந்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்து நானே எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். நான் மட்டும் அன்றைக்குப் போய்ப் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவளை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நேர்காணலில் என்னை நடித்துக் காட்டச் சொன்னார்கள். நடித்தேன். முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடைத் தொழில்நுட்பப் பிரிவில் இடம் இருக்கிறது, அதில் சேருங்கள் என்றார்கள். நதியா தானாகவே அதைத்தான் கேட்டிருந்தாள். மேடையில் நின்று பேச அவளுக்குக் கூச்சம். ஆக இருவரும் திரைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தோம்.

எங்களுக்கு வாத்தியார் ஜான்சன் சார். முதல் வகுப்பில் எங்களை அரங்கின் பின்பக்கம் கூட்டிப்போய் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, "இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடங்க" என்றார். எல்லோரும் கயிற்றிலும் பலகையிலும் இடித்துக்கொண்டோம். நதியா மட்டும் இடிக்காமல் போய் நின்றாள். சார் பாராட்டினார். அவர்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்ததே நாங்கள் எட்டாவது படிக்கும்போதுதான், அந்தப் பழக்கம்தான் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நதியாவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இருட்டாக இருந்தது.

அந்தப் படிப்பைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. சட்டம் அடித்துத் துணி இழுத்துக் கட்டிச் சுவர் செய்வோம். மழைச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் பதிவு செய்து வைப்போம். நாடகம் நடக்கிறபோது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, காதில் ஹெட்செட்டோடு, எந்த விநாடியில் எந்த விளக்கு என்று ஒருவர் சொல்ல ஒருவர் செய்ய வேண்டும். யாரும் எங்களைப் பார்க்கக் கூடாது. எங்கள் வேலை நன்றாக இருந்தால் ஜனங்கள் நடிகரைப் பாராட்டுவார்கள்.

ஜான்சன் சார் கறாராக வைத்திருந்த ஒழுங்கு ஒன்று உண்டு. விளக்கு மாட்ட ஒருவர் மேலே ஏறினால் இன்னொருவர் கீழே பலகையில் இருக்க வேண்டும். பலகை என்றால் எல்லா விளக்குக்கும் கரண்ட் போகிற இடம். மேலே இருப்பவர் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் "கரண்ட்?" என்று குரல் கொடுப்பார். கீழே இருப்பவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கண்ணால் பார்த்துவிட்டு, "கட்" என்பார். அதற்கப்புறம்தான் கை வைக்க வேண்டும். "மேல நிக்கிறவன் உயிர் கீழ இருக்கிறவன் வாயில இருக்கு" என்பார் சார்.

எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அதனால் எப்போதும் மேலே நதியா, கீழே நான். வேறு யாரோடும் அவள் லேசில் ஏற மாட்டாள். மற்றவர்கள் "கட்" என்றால் திரும்ப ஒரு தடவை கேட்பாள். நான் சொன்னால் கேட்கவே மாட்டாள், தொட்டுவிடுவாள். எங்கள் வகுப்பில் இதைச் சொல்லிக் கிண்டல்கூடச் செய்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இரண்டாம் ஆண்டு நாடகத்தில் ஒரு விடியல் காட்சி வந்தது. துறையில் இருந்தவை பழைய விளக்குகள். எப்படிப் போட்டாலும் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது. நதியா ஒரு விளக்கை மேடைக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தாள். அதற்கு எதிரே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினாள். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மெல்ல மெல்ல மேடைக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போஸ்டரில் ஒளியமைப்பு இளமதி, உதவி நதியா என்று போட்டோம். அவளைக் கேட்காமல் போடவில்லை. "எப்டி வேணா போட்டுக்க" என்றாள். அந்த வேட்டி எங்கள் அப்பாவுடையது.

கடைசி ஆண்டில் ஜெர்மனியிலிருந்து ஒரு நாடக அரங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஒரே ஒரு மாணவரை ஓராண்டுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். நானும் விண்ணப்பித்தேன். அந்த விடியல் காட்சியின் படங்களை வைத்துத்தான் விண்ணப்பித்தேன். நதியாவிடம் அதைச் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் எனக்காக அவள் வருத்தப்படுவாளே என்றுதான். கிடைக்கவில்லை. யாருக்குக் கிடைத்தது என்றுகூட நான் விசாரிக்கவில்லை. எதையும் மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. மெஷின் இறங்க முடியாத ஓரங்களை ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கங்கம்மாள் அரிவாளை வரப்பில் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"பாப்பா, அந்த ஊர்ல ரொம்பக் குளுராமே. எம் பொண்ணு தாங்குமா?"

"எந்த ஊர்ல?"

"அதான் பாப்பா, ஜெருமனி. பாஸ்போட்டுக்குப் போலீசு வந்து விசாரிச்சாங்க. எங்க ஜனம் அல்லாம் பயந்துக்கினு வூட்டுக்குள்ள பூந்துகிச்சி. அப்பால விசயம் தெரிஞ்சி ஒரே சிரிப்பாப் போச்சி." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏன் பாப்பா, உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

அப்பாவுக்குச் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குடியிருப்பில் இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன வலித்தது என்றால், அவளுக்குக் கிடைத்ததோ எனக்குக் கிடைக்காததோ இல்லை. என் வாயால் அந்தச் செய்தி அவள் அம்மாவுக்குப் போயிருக்க வேண்டும். அவள் அம்மா வாயால் எனக்கு வந்தது. சிறு வயதிலிருந்து கூட வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி இப்படிச் செய்தால், மேடம், உள்ளே ஏதோ ஒன்று நின்றுபோகிறது. அழக்கூட வரவில்லை.

அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை. விடுமுறை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது நானே கேட்டேன்.

"எப்ப சொல்றதா இருந்த?"

புரிந்துகொண்டாள். சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் கை வைத்தாள். "நாடகம் முடிஞ்சதும் சொல்லலாம்னு கீறேன்டி. உன்னாண்ட கேட்டா நீ வாணாம்னுவ. நீ வாணாம்னா நான் போவ மாட்டேன். அதான் கேக்கல."

"நான் ஏன் வேணாம்னு சொல்லப் போறேன்?"

"நர்சிங்குக்குச் சொன்னியே."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தச் சந்தோஷம் முகத்தில் இருந்தது. அதற்கும் எனக்கும் இனிமேல் சம்பந்தம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் கடைசி நாடகத்தை உத்திரமேரூரில் ஏரிக்கரை ஓரத்து மைதானத்தில் போடுவதென்று முடிவாயிற்று. இடத்துக்கு அப்பாதான் சொல்லி ஏற்பாடு செய்தார். ஏரி மதகைக் காவல் காக்கிற ஒரு பெண்ணின் கதை. வெள்ளத்தில் ஒரு இரவு முழுக்க மதகில் நின்றுவிட்டு விடியலைப் பார்க்கிறாள், அதோடு முடியும். அந்த விடியலுக்காக நதியா பெரிய வெள்ளைத் துணியும் ஒரு சாரமும் கேட்டாள். கட்டடம் கட்டக் கட்டுவார்களே, அந்த மாதிரிக் கம்புச் சாரம். அதன் உச்சியில் விளக்கு.

இந்த முறை போஸ்டரில் ஒளியமைப்பு நதியா என்று போட்டிருந்தது. என் பெயர் அதற்குக் கீழே இருந்தது. ஜான்சன் சார் சொல்லிப் போட்டது.

நாடகத்தன்று காலையில் நிறைய வேலை இருந்தது. ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் வீராசாமி. திருவிழா, கல்யாணத்துக்கெல்லாம் விளக்குப் போடுகிறவர், வயதானவர். பல்கலைக்கழகத்திலிருந்து நாங்கள் ஒரு டிரிப்பர் பெட்டி கொண்டுவந்திருந்தோம். கரண்ட் எங்கேயாவது ஒழுகினால் உடனே தானாக அணைந்துவிடும். அதை இணைக்கட்டுமா என்று வீராசாமி கேட்டார். நாடகம் நடக்கும்போது அடிக்கடி விழுந்து மானம் போகும், வேண்டாம் என்றேன். எங்களிடம் பாதுகாப்பு பெல்ட் ஒன்றுதான் இருந்தது. மைதானத்தின் மறுகோடியில் ஸ்பீக்கர் கட்டுகிற பையன்களுக்கு அதைக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்களும் ஏறத்தானே வேண்டும்.

இந்த இரண்டையும் எதற்காகச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது மனதில் ஒன்றும் இல்லை. வேலை ஆரம்பித்தபோது எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வெயில் ஏறுவதற்குள் மேல் விளக்கைச் சரிசெய்துவிடலாம் என்று நதியா சாரத்தில் ஏறினாள். "பெல்ட்டு எங்கடி?" என்றாள். ஸ்பீக்கர் பையன்களிடம் இருக்கிறது, வாங்கிவரட்டுமா என்றேன். "வாணாம், ரெண்டு நிமிசம்தான்" என்று ஏறிவிட்டாள். ஆக, நான் வாங்கிவரத் தயாராகத்தான் இருந்தேன்.

விளக்கின் பின்னால் கம்பி ஒன்று தளர்ந்திருந்தது. அதைப் பிரித்துக் கட்ட வேண்டும். மேலேயிருந்து குனிந்து என்னைப் பார்த்தாள். பின்னால் ஏரித் தண்ணீர் பளபளத்தது.

"மதி, கரண்ட்?"

பதில் சொன்னேன்.

அவள் கை வைத்தாள்.

சத்தம் போடவில்லை. உடம்பு ஒரு தடவை விறைத்தது, பிறகு சாரத்திலிருந்து பின்பக்கமாக விழுந்தாள். கீழே விளக்குகள் கொண்டுவந்த இரும்புப் பெட்டி கிடந்தது. அதன் விளிம்பில் முதுகு பட்டது. நான் ஓடிப்போய் அவள் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை யாரையும் அவளைத் தூக்க விடவில்லை. முதுகில் அடிபட்டவர்களை அசைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். மருத்துவமனையில் டாக்டரே சொன்னார், அப்படிச் செய்ததால்தான் உயிர் தங்கியது என்று.

இடுப்புக்குக் கீழே உணர்வு வரவில்லை. இரண்டு கை விரல்களும் வெந்துபோய் மடங்காமல் நின்றுவிட்டன. இனி நடக்க வாய்ப்பில்லை என்று சொன்னபோது கங்கம்மாள் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் எழுப்பித் தண்ணீர் கொடுத்தேன்.

ஜெனரேட்டரில் ஏதோ கோளாறு என்று பேச்சு வந்தது. வீராசாமிதான் டிரிப்பர் பெட்டியை இணைக்காமல் விட்டார் என்றார்கள். நான் மறுக்கவில்லை, இணைக்காதது அவர்தானே. "அந்தப் பொண்ணு வாணாம்னுச்சி" என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. வயதானவர், எப்படியும் ஓய்வெடுக்க வேண்டியவர்தான். ஜான்சன் சார் மாணவர்களை மேலே ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்.

ஜெர்மனிக்காரர்கள் அந்த இடத்தை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். பட்டியலில் அடுத்தது நானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடம், தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பொறாமை இருந்திருந்தால் போயிருப்பேன் இல்லையா? நதியாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று படிப்பையே விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

அவர்கள் வீட்டில் அவளை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது. ஒற்றை அறை, வாசலில் படி. எங்கள் வீட்டின் பின்கட்டில் நெல் மூட்டை அடுக்குகிற அறையைக் காலி செய்து வெள்ளையடித்து அவளுக்குக் கட்டில் போட்டேன். ஜன்னல் இல்லை, ஆனால் ஃபேன் இருக்கிறது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஒரு நர்ஸ் செய்வதைவிட நன்றாகச் செய்தேன். கூடப் படித்தவர்கள் போனில் பேசினால் அன்றைக்கெல்லாம் அழுதாள். அதனால் போனை வாங்கி அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன். கங்கம்மாள் வேலை முடிந்து பின்வாசல் வழியாக வந்து பார்த்துவிட்டுப் போவாள். "வூட்டுக்கு இட்டுனு போறேன் பாப்பா" என்று ஒன்றிரண்டு தடவை கேட்டாள். அங்கே வைத்து எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். மகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த நாட்கள் நல்ல நாட்கள் என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் உண்மையைத்தான் சொல்லச் சொன்னீர்கள். தண்ணீர் வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். தலையில் அரித்தால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். "மதி" என்று அவள் குரல் கேட்டால் எங்கே இருந்தாலும் எழுந்து போவேன். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. நாங்கள் இருவரும் பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன்.

போன வாரம் அவளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வத்தக்குழம்பு, அவளுக்குப் பிடிக்கும். இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள். மூன்றாவது வாயை நீட்டும்போது என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் வுயுந்தப்ப எனக்கு உடனே மயக்கம் வர்ல, தெரியுமா?"

"அப்படியா?"

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சி. பலகையாண்ட நீ நின்னுக்கினு இருந்தத பாத்தேன். நீ உடனே ஓடியார்ல."

"பயத்துல கை கால் ஓடல நதியா."

"கை ஓடிச்சி" என்றாள். "மொதல்ல மெயின் சுவிட்ச கீய எறக்குன. அப்பாலதான் ஓடியாந்த."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"முன்னாடியே எறக்கியிருந்தா, அப்ப இன்னாத்த எறக்குன மதி?"

ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன்னால் கரண்டை நிறுத்த வேண்டும், அது முதல் பாடம், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள் என்று விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள். மீதிச் சாதம் முழுவதையும் சாப்பிட்டாள். அதனால் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நீங்கள் கேட்கிற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். சுவிட்ச் மேலே இருந்தது. கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும், என் கண் அதன்மேல்தான் இருந்தது. அவள் "கரண்ட்?" என்று கேட்டாள். நான் "கட்" என்றேன். வாய் தவறி வரவில்லை. சொல்வதற்கு முன்னால் நேரம் இருந்தது. மேலே அவள் முகத்தைப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டிருப்பாள். நான் சொன்னதால் கேட்காமல் தொட்டாள். கடைசிவரை அவளுக்கு என்மேல் அந்த நம்பிக்கை இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துவிடும்.

சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நேற்று அவளுக்கு மருந்து வாங்க நான் காஞ்சிபுரம் போயிருந்தேன். இங்கே கிடைக்காத களிம்பு அது. திரும்பி வந்தால் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. கங்கம்மாளும் அவர்கள் ஆட்களும் வந்து பின்வாசல் வழியாகவே தூக்கிப்போயிருக்கிறார்கள். அப்பா தடுத்திருக்கிறார். "எம் பொண்ண நான் இட்டுனு போறேன் ஐயா, வயிய வுடு" என்று கங்கம்மாள் சொன்னாளாம். எங்கள் அப்பாவை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஷேர் ஆட்டோவில் படுக்கவைத்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இத்தனை மாதம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட என்னிடம் ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டாள். முதல் தடவை செய்ததை நான் மன்னித்துவிட்டேன். இது இரண்டாவது தடவை. நீங்கள் என்ன பிரிவு போட்டாலும் நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை. ஆனால் இதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். பெருநகர் ரோட்டில் அந்த ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் அவள் முதுகு என்ன பாடுபட்டிருக்கும். புகார் கொடுக்கப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்பாவின் காரில் தலையணை போட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு நானே அவளை இங்கே கொண்டுவந்து விட்டிருப்பேன்.